சின்ன டிராக்டருக்கு எந்தக் கருவி, என்ன பாதுகாப்பு: புதியவர்களுக்கான செய்முறை

சின்ன டிராக்டர் வாங்கியவர்கள் பலரும் முதலில் கேட்பது, "இதுக்கு எத்தனை அடி ரோட்டவேட்டர் போடலாம்?" என்றுதான். (ரோட்டவேட்டர் என்பது சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி.) கடைக்காரர் சொல்லும் அளவை நம்பி வாங்கிவிட்டு, பிறகு எஞ்சின் திணறுகிறது, முன்சக்கரம் எழும்புகிறது என்று அலைய வேண்டாம். பதில் உங்கள் டிராக்டரின் கையேட்டிலேயே இருக்கிறது. பாதுகாப்புச் சாமான்களையும் கருவியோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். "அப்புறம் வாங்கிக்கலாம்" என்று தள்ளிவைப்பவை பெரும்பாலும் வாங்கப்படுவதே இல்லை.

1. கையேட்டிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள்

எஞ்சினின் எச்.பி. (குதிரைத்திறன்) வேறு, பின்னால் சுழன்று கருவியை இயக்கும் பி.டி.ஓ. தண்டில் கிடைக்கும் எச்.பி. வேறு. வழியிலேயே கொஞ்சம் குறைந்துவிடும். 25 எச்.பி. டிராக்டரில் பி.டி.ஓ. பக்கம் 20 முதல் 22 வரை கிடைக்கலாம். ரோட்டவேட்டர், புல்வெட்டி போன்ற சுழலும் கருவிகளுக்கு இந்த இரண்டாவது எண்தான் கணக்கு.

அடுத்தது தூக்குதிறன். பின்னால் கருவியை மாட்டித் தூக்கும் லிங்க் கைகளின் பந்து முனையில் அளந்த எடையா, அதிலிருந்து 610 மி.மீ. பின்னால் தள்ளி அளந்த எடையா என்று பாருங்கள். ஒரே டிராக்டருக்கு இரண்டாவது எண் குறைவாகத்தான் இருக்கும். கருவியின் பாரம் பின்னால் தள்ளித்தான் இருக்கும் என்பதால் அந்தக் குறைந்த எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள்.

2. கருவியை மாட்டும் பின்னின் (pin) அளவு பொருந்துகிறதா?

சின்ன டிராக்டர்களில் பெரும்பாலும் வகை 1 லிங்க் இருக்கும்: கீழ்ப் பின் சுமார் 22 மி.மீ., மேலே மாட்டும் டாப் லிங்க் பின் 19 மி.மீ. மிகச் சிறியவற்றில் வகை 0 வரும். பொருந்தாத பின்னை வாஷர் போட்டுச் சமாளிக்காதீர்கள்.

3. வேலையைப் பார்த்துக் கருவி

ரோட்டவேட்டரின் அகலம் பின் டயர்களின் வெளி விளிம்பை மூடினால் போதும். அப்போதுதான் டயர் தடம் உழாமல் நிற்காது. அந்த அகலத்துக்கு எச்.பி. போதவில்லையா? குறுகலானதை வாங்கி ஒரு பக்கமாகத் தள்ளி மாட்டுங்கள்.

கொத்துக் கலப்பையின் கதை வேறு. அதை இழுப்பதற்கு எச்.பி. மட்டும் போதாது, டிராக்டரின் எடையும் டயரின் பிடிமானமும் வேண்டும். டயர் வழுக்கினால் கொத்துகளைக் குறையுங்கள், அல்லது ஆழத்தைக் குறையுங்கள்.

முன்பக்க லோடரை முதல் கருவியாக வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. வாளியை உயரத் தூக்கியபடி திரும்பினால் டிராக்டர் பக்கவாட்டில் சாயும். ஓட்டிப் பழகியபின் வாங்குங்கள், பின்னால் எடை கட்டுங்கள், பாரத்தைத் தாழ்வாக வைத்தே நகருங்கள்.

4. பி.டி.ஓ. தண்டு: இங்கே நிதானமாக

டிராக்டரையும் கருவியையும் இணைக்கும் தண்டு, இரண்டு குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளும் அமைப்பு. புதுத் தண்டு உங்கள் டிராக்டருக்குச் சரியான நீளத்தில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். கருவியை மாட்டி, லிப்டை மெதுவாக ஏற்றி இறக்கி, இரண்டு முனைகளும் எங்கே மிக நெருங்குகின்றன, எங்கே மிக விலகுகின்றன என்று அளந்து பாருங்கள். நெருங்கும் இடத்தில் குழாய் அடியில் முட்டினால் கியர்பாக்ஸின் பேரிங் போய்விடும். ஓரிரு அங்குலம் இடம் விட்டு வெட்ட வேண்டும். விலகும் இடத்தில் குழாய்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். வெட்டிய முனையைப் பிசிறு போக அராவி, கிரீஸ் தடவுங்கள்.

பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று வேகத்தில் சுழல்கிறது என்றால் நொடிக்கு 9 சுற்று. சட்டைக் கையோ, துண்டோ, அவிழ்ந்த கூந்தலோ மாட்டினால் கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது. அதனால் தண்டின் மேல் பிளாஸ்டிக் உறை கட்டாயம் வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு உறையைக் கையால் சுற்றிப் பாருங்கள்: தண்டோடு ஒட்டாமல் தனியாகச் சுழல வேண்டும். அதன் சங்கிலியை அசையாத இடத்தில் கட்டுங்கள். உடைந்த உறையோடு ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள்.

5. கவிழாமல் இருக்க

ரோல் பாரும் (கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம்) சீட் பெல்ட்டும் சேர்ந்தே வேலை செய்யும். பெல்ட் போடாவிட்டால், கவிழும்போது ஓட்டுநர் எறியப்பட்டு அந்தப் பாரின் அடியிலேயே சிக்கலாம். மடக்கும் பாரை மரத்தடியில் மடக்கி ஓட்ட நேர்ந்தால் அப்போது பெல்ட் போடக்கூடாது; வெளியே வந்ததும் நிமிர்த்திப் பூட்டி, பெல்ட்டையும் மாட்டுங்கள். பாரில் துளை போடுவதும் வெல்டிங் வைப்பதும் அதன் பலத்தைக் கெடுக்கும்.

எதை இழுத்தாலும் டிராபாரில் (பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பியில்) மட்டும் கட்டுங்கள். சங்கிலியை டாப் லிங்க்கிலோ அச்சிலோ கட்டி இழுத்தால், சக்கரம் சிக்கும்போது டிராக்டர் முன்பக்கம் எழும்பிப் பின்னால் புரளும். கிளட்ச்சை மிதிக்க யோசிப்பதற்குள் முடிந்துவிடும். பின்னால் கனமான கருவி என்றால் முன்பக்க வெயிட் போடுங்கள்: மொத்த எடையில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு முன்சக்கரத்தில் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது.

6. மற்றவை

காதடைப்பு, பிடிமானமுள்ள ஷூ, சாலையில் போக மெதுவாகச் செல்லும் வண்டிக்கான முக்கோணம், சக்கரக் கட்டை. ஹைட்ராலிக் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்துவிடும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

இறங்கும்போது வரிசை இதுதான்: பி.டி.ஓ.வை நிறுத்து, கருவியைத் தரையில் இறக்கு, பார்க்கிங் பிரேக் போடு, எஞ்சினை அணை, சாவியை எடு. முதல் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பின் இதே வரிசையில் நிறுத்தி, புதுக் கருவியின் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கி, கியர்பாக்ஸ் எண்ணெய் அளவைப் பார்த்துவிடுங்கள்.