மாடி வீட்டு ஸ்பீக்கருக்கு ரப்பர் கால் மாட்டுவது

வடக்கு மாசி வீதியில் எங்கள் வீடு, மரக்கட்டை பாவிய பழைய மாடி. தவில் ஒலித்தால் தரையும் சேர்ந்து அதிரும், கீழ் வீட்டு அத்தைக்குத் தூக்கம் போகும். அதனால் ஸ்பீக்கர் அடியில் இருந்த ஸ்பைக்கை, அதாவது கூர்முனை உலோகக் காலை, கழற்றிவிட்டு ரப்பர் கால் போட்டேன்.

முதலில் எடை. 24 கிலோ ஸ்பீக்கர், நாலு கால் என்றால் காலுக்கு 6 கிலோ. அந்த எடைக்கென்று செய்த காலையே வாங்குங்கள், இதில் மட்டும் அவசரம் வேண்டாம். ரொம்ப மெத்தென்று இருந்தால் நசுங்கிவிடும். விறைப்பாக இருந்தால் அமுங்காமல் அதிர்வை அப்படியே தரைக்குக் கடத்தும்.

அப்புறம் மரை. எம்6-ஆ (6 மி.மீ. திருகு), எம்8-ஆ (8 மி.மீ.) என்று பழைய ஸ்பைக்கை வைத்துப் பாருங்கள். துணைக்கு ஆள் வைத்து, ஸ்பீக்கரைப் போர்வை மேல் படுக்கவைத்து, காலைக் கையாலேயே திருகுங்கள். நிமிர்த்தி, ரசமட்டம் பார்த்து, கால் சுழலாமல் பிடிக்கும் லாக் நட்டை இறுக்குங்கள். ரெண்டு நாளில் ரப்பர் கொஞ்சம் அமுங்கும். மறுபடி மட்டம் பாருங்கள்.