சாவி வாங்கும் முன் வில்லங்கம் பாருங்கள்: ஆன்லைனில் சாஃப்ட்வேர் லைசென்ஸ் வாங்கும் முறை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கிழக்கே கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு. வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டுகளைத் தாண்டி அந்தப் பக்கத்து ஆட்களும் வருவார்கள். தேங்காய் மண்டிக்காரர், கல்யாண ஸ்டுடியோ வைத்திருப்பவர், டிடிபி சென்டர் நடத்துகிற அக்கா என்று யார் வந்தாலும் கேட்பது ஒன்றுதான்: "ஏனுங்க தம்பி, ஆன்லைன்ல ஐந்நூறு ரூபாய்க்கு ஆபீஸ் போட்டிருக்காங்க, வாங்கலாங்களா?"

பதில் சொல்வதற்கு முன்னால் நான் அவர்களிடம் தோப்பு வாங்குவதைப் பற்றிக் கேட்பேன். தோப்புக் கேட்டின் சாவியை ஒருவர் கையில் கொடுத்துவிட்டால் தோப்பு உங்களுடையது ஆகிவிடுமா? பத்திரம் யார் பேரில் இருக்கிறது, வில்லங்கம் உண்டா, வில்லேஜ் ஆபீஸில் கரம் (நிலவரி) கட்டிய ரசீது எங்கே என்று பார்த்துத்தானே பணம் கொடுப்பீர்கள்? சாஃப்ட்வேரும் அப்படித்தான். சாஃப்ட்வேரை ஆக்டிவேட் செய்யத் தட்டும் 25 எழுத்துச் சாவி வேறு, அதைப் பயன்படுத்தும் உரிமை வேறு. மலிவு விலைக்காரர்கள் பலர் கொடுப்பது சாவி மட்டும்தான்.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் என் அக்காவின் டிடிபி சென்டருக்காக 'ஆயுள் முழுவதும் ஆபீஸ்' என்ற விளம்பரத்தைப் பார்த்து 800 ரூபாய் கட்டினேன். வந்தது சாவி அல்ல, ஒரு மின்னஞ்சல் முகவரியும் பாஸ்வேர்டும். முகவரியின் முடிவில் கேள்விப்படாத ஏதோ ஒரு கல்லூரியின் பெயர். வேர்ட் திறந்தது, எக்செல் திறந்தது, எனக்கு அது போதுமாக இருந்தது. கோப்புகளெல்லாம் அந்தக் கணக்கின் ஒன்டிரைவ் என்ற இணையச் சேமிப்பில் தானாகவே சேமிப்பாகின்றன என்பதை நான் கவனிக்கவில்லை. ஏழாவது மாதம் ஒரு காலையில் கணக்கு மூடப்பட்டிருந்தது. இரண்டு பள்ளிகளின் கேள்வித்தாள்கள், ஒரு கல்யாண அழைப்பிதழ், வாடிக்கையாளர்களின் விண்ணப்பங்கள் எல்லாம் போயின. அக்கா என்னைத் திட்டவில்லை. இரவு முழுக்க உட்கார்ந்து கேள்வித்தாள்களைத் திரும்ப அடித்தார். அந்தக் கணக்கை நிர்வகிப்பவர் யாராக இருந்தாலும் அந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்திருக்க முடியும் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. விண்ணப்பங்களில் ஆதார் நகல்களும் இருந்தன.

சரி, முறையாக எப்படி வாங்குவது என்று பார்ப்போம்.

முதல் படி: ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

என் கடைக்கு விண்டோஸ் சாவி கேட்டு வருகிறவர்களில் பலருக்கு அது தேவையே இல்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து விண்டோஸோடு விற்கப்பட்ட லேப்டாப்புகளில் சாவி மதர்போர்டுக்குள்ளேயே பதிந்திருக்கும். ஹார்ட் டிஸ்க்கை மாற்றி அதே பதிப்பைத் திரும்ப இன்ஸ்டால் செய்தால், நெட் இணைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று போங்கள். 'ஆக்டிவ்' என்று இருந்தால் எதுவும் வாங்க வேண்டாம். 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்ற சொல்லும் அங்கே தெரிந்தால், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து அதோடு இணைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு மதர்போர்டு மாற்ற வேண்டி வந்தால் அது உதவும்.

விண்டோஸ் 10-க்குப் புதிதாகச் சாவி வாங்கப் போகிறவர்கள் நில்லுங்கள். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் அதே தேதிதான். மலிவுக் கடைகளில் இவைதான் குவிந்து கிடக்கின்றன. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளின் படிப்புக்கு என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேரளப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் ஐடி பாடம் படிப்பதே இலவச மென்பொருளில்தான். அரசு நிறுவனமான கைட் கொடுக்கும் லினக்ஸில் லிப்ரே ஆபீஸ், ஜிம்ப், இங்க்ஸ்கேப் எல்லாம் இருக்கின்றன. லிப்ரே ஆபீஸ் விண்டோஸிலும் ஓடும், காசு கிடையாது. பள்ளிப் பாடத்துக்காக ஆபீஸ் சாவி தேடி வருகிற பெற்றோரை நான் இதைச் சொல்லித்தான் திருப்பி அனுப்புகிறேன்.

இரண்டாம் படி: எந்த வகை லைசென்ஸ் என்று கேளுங்கள்

விற்கிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. விண்டோஸைப் பொறுத்தவரை மூன்று வகை. 'ரீடெய்ல்' என்பது தனி ஆளுக்கு விற்கப்படுவது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். 'ஓஇஎம்' என்பது ஒரு கம்ப்யூட்டரோடு கட்டிப்போட்டது. அந்த மதர்போர்டு செத்தால் அதோடு அதுவும் போச்சு. மூன்றாவது 'வால்யூம்'. நிறுவனங்களும் கல்லூரிகளும் மொத்தமாக வாங்குவது. ஒரே சாவியில் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ஓடும். அந்த நிறுவனத்துக்கு வெளியே அதைச் சில்லறையாக விற்க யாருக்கும் உரிமை இல்லை. எங்கிருந்தோ கசிந்த இந்த வகைச் சாவிகள் மலிவு விற்பனையில் நிறையப் புழங்குகின்றன.

பெயரைப் பார்த்தே சிலவற்றைப் பிடித்துவிடலாம். 'ஆபீஸ் புரொபஷனல் பிளஸ்' என்பது நிறுவனங்களுக்கான பதிப்பு, வீட்டுக்கு ஒற்றைப் பிரதியாக விற்பது அல்ல. வீட்டுப் பதிப்பில் 'ஹோம்' என்ற சொல் பெயரிலேயே இருக்கும். ஸ்டுடியோ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: போட்டோஷாப் 2013 முதல் சந்தாவாகத்தான் வெளிவருகிறது. புத்தம் புதிய போட்டோஷாப் ஆயுள் முழுவதற்கும் என்று யாராவது விற்றால், அப்படி ஒரு பொருளே இல்லை.

கணக்கு எழுதும் மென்பொருளான டேலி வாங்குகிறவர்கள் சீரியல் எண் யாருடைய மின்னஞ்சலில் பதிவாகப் போகிறது என்று கேளுங்கள். உங்கள் மின்னஞ்சலாக இருக்க வேண்டும். விற்கிறவருடையதாக இருந்தால் தோப்பு அவர் பேரில்தான் இருக்கிறது. டேலி பழகிப் பார்க்க மட்டும் என்றால் எஜுகேஷனல் மோட் இலவசம். மாதத்தில் குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டும்தான் தேதி போட முடியும், ஆனால் கற்றுக்கொள்ள அது தாராளம்.

மூன்றாம் படி: விற்பவர் யார்?

தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாக வாங்குவது நல்லது. அங்கே விலை கூட என்று வேறு இடத்துக்குப் போனால், அந்த நிறுவனம் தன் தளத்தில் கொடுத்திருக்கும் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய ஷாப்பிங் தளத்தில் இருக்கிறது என்பதற்காக நம்பிவிட வேண்டாம். அங்கே கடை தளத்துடையது, பொருள் வேறு யாருடையதோ. 'சோல்டு பை' என்ற வரியில் இருக்கும் பெயரைத்தான் தேட வேண்டும். 2020-இல் வந்த இ-காமர்ஸ் விதிகளின்படி விற்பவரின் பெயர், முகவரி, குறை கேட்கும் அலுவலர் யார் என்பதெல்லாம் வெளியில் தெரிய வேண்டும்.

அடுத்து ஜிஎஸ்டி எண். எல்லையில் இருக்கிற நமக்கு இது ரொம்ப உதவும். 15 இடங்கள் கொண்ட அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் காட்டும். கேரளம் 32, தமிழ்நாடு 33, ஆந்திரம் 37. ஜிஎஸ்டி அரசுத் தளத்தில் 'சர்ச் டாக்ஸ்பேயர்' பகுதியில் அந்த எண்ணைப் போட்டால் கடையின் சட்டப்பூர்வப் பெயரும், பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தானதா என்பதும் தெரியும். லாகின் தேவையில்லை.

பில்லையும் இதே கண்ணோடு பாருங்கள். கோயம்புத்தூர்க் கடை பாலக்காடு மாவட்டத்து ஆளுக்கு விற்றால் ஐஜிஎஸ்டி 18 சதவீதம் என்று ஒரே வரி வர வேண்டும். பாலக்காட்டுக் கடையே என்றால் சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9 என்று இரண்டாகப் பிரிந்து வரும். 33-இல் தொடங்கும் எண்ணை வைத்துக்கொண்டு கொழிஞ்சாம்பாறை முகவரிக்கு எஸ்ஜிஎஸ்டி போட்டிருந்தால், பில் போட்டவருக்கு வரி தெரியவில்லை அல்லது அது பில்லே இல்லை. ஒருமுறை மண்டிக்காரர் ஒருவர் கொண்டுவந்த பில்லில் இந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. எண்ணைத் தேடினால் அது ஒரு துணிக்கடைக்குச் சொந்தமானது. நல்லவேளை, அவர் அதுவரை முன்பணம் மட்டும்தான் கொடுத்திருந்தார்.

ஜிஎஸ்டி எண் கொடுக்காதவரிடம் நான் லைசென்ஸ் வாங்குவதில்லை.

நான்காம் படி: பணம் கட்டும்போது

யுபிஐயில் எண்ணைப் போட்டதும் பெறுபவரின் பெயர் திரையில் வரும். பில்லில் இருக்கும் கடைப் பெயரும் அதுவும் ஒத்துப்போகிறதா? கடைக்கு ஒரு பெயர், பணம் போவது ஏதோ தனிநபருக்கு என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முடிந்தவரை கார்டில் கட்டுங்கள். பொருள் சரியில்லை என்றால் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்க அதில் வழி உண்டு.

ஐந்தாம் படி: இன்ஸ்டால் செய்தல்

சாவி எங்கிருந்து வந்தாலும் சாஃப்ட்வேரைத் தயாரித்தவரின் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். விற்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் டிரைவ் லிங்க்கைத் திறக்கவே வேண்டாம். இறங்கிய செட்டப் (.exe) கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்ற பகுதியைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் தயாரிப்பு என்றால் அந்தப் பெயர் அங்கே இருக்க வேண்டும். அந்தப் பகுதியே இல்லையென்றால் கோப்பை அழித்துவிடுங்கள்.

தொடங்கும் முன் முக்கியமான கோப்புகளை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள். சிக்கல் வந்தால் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு ரீஸ்டோர் பாயின்ட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

'ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்', 'நெட்டைத் துண்டித்துவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள்', 'எனிடெஸ்க் (தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் ஆப்) போடுங்கள், நானே ஆக்டிவேட் செய்து தருகிறேன்' என்று விற்பவர் சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள். நல்ல லைசென்ஸுக்கு இந்த மூன்றில் எதுவும் தேவைப்படாது. உங்கள் வங்கிக் கணக்கு திறந்திருக்கிற கம்ப்யூட்டருக்குள் முகம் தெரியாத ஒருவரை விடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

சாவியைத் தட்டும்போது பெரும்பாலோர் தடுமாறுவது ஓ எழுத்தா சுழியமா என்பதில். மைக்ரோசாஃப்டின் 25 எழுத்துச் சாவிகளில் இரண்டுமே வராது. ஐ எழுத்தும் ஒன்று என்ற எண்ணும்கூட வராது. வட்டமாகத் தெரிவது டி (D) அல்லது க்யூ (Q). பி (B) எழுத்தும் எட்டும் மட்டும் இரண்டுமே வரும், அங்கே கண்ணாடி போட்டுப் பாருங்கள். வீட்டுப் பதிப்பு ஆபீஸ் சாவியை முதலில் மைக்ரோசாஃப்ட் தளத்தில் உங்கள் சொந்தக் கணக்கில் உள்நுழைந்துதான் சேர்க்க வேண்டும். சேர்த்த அந்த நொடியில் அது உங்கள் பேருக்கு வந்துவிடுகிறது. 'கணக்கெல்லாம் வேண்டாம், வேர்டைத் திறந்து உள்ளே சாவியைப் போடுங்கள்' என்று விற்பவர் அவசரப்படுத்தினால் அது பெரும்பாலும் வால்யூம் சாவி.

ஆறாம் படி: வந்தது என்ன?

ஆக்டிவேட் ஆகிவிட்டது என்ற செய்தியோடு எழுந்து போய்விடாதீர்கள். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் (slmgr) என்ற ஐந்து எழுத்துகளையும் ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடம் விட்டு, ஸ்லாஷ் போட்டு, டி, எல், ஐ (dli) என்று சேர்த்து என்டர் தட்டுங்கள். சில நொடியில் வரும் பெட்டியில் 'ரீடெய்ல் சேனல்', 'ஓஇஎம்' அல்லது 'வால்யூம்' என்று இருக்கும். ரீடெய்ல் என்று சொல்லி விற்றது வால்யூம் என்று வந்தால் அன்றைக்கே பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

கடைசி மூன்று எழுத்துகளுக்குப் பதிலாக எக்ஸ், பி, ஆர் (xpr) என்று போட்டால் காலக்கெடு தெரியும். நிரந்தரம் என்று வந்தால் சரி. ஏதாவது ஒரு தேதி வந்தால் அது கேஎம்எஸ் என்ற முறை. அலுவலகத்துக்குள் இருக்கும் சர்வரோடு 180 நாளுக்குள் தொடர்பு கொண்டு புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டிய ஏற்பாடு அது. உங்கள் வீட்டில் அந்த சர்வர் இல்லை.

ஆபீஸில் ஃபைல், அக்கவுண்ட் என்று போனால் 'பிலாங்ஸ் டு' என்ற இடத்தில் ஒரு மின்னஞ்சல் இருக்கும். அது உங்களுடையதுதானா? அக்காவின் கம்ப்யூட்டரில் அந்த ஒரு வரியை நான் முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

ஏமாந்துவிட்டால்

பணம் மோசடியில் போயிருந்தால் நேரம் கடத்தாமல் 1930-க்குக் கூப்பிடுங்கள். பொருள் சரியில்லை, விற்றவர் பதில் சொல்லவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விற்றவர் தமிழ்நாட்டிலோ டெல்லியிலோ இருக்கிறார், நாம் கேரளத்தில் இருக்கிறோம், எங்கே போய் வழக்குப் போடுவது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விட வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் செய்யலாம். எங்கள் சித்தூர் தாலுகாக்காரர் பாலக்காடு மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். அதற்கு பில், பணம் கட்டிய ரசீது, விற்றவரோடு பேசிய வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வேண்டும். பில்லை அச்சடித்து, எந்தக் கம்ப்யூட்டர், எந்தக் கணக்கு, எந்தத் தேதி என்று பின்பக்கம் பேனாவில் எழுதி, கரம் கட்டிய ரசீது வைக்கிற அதே கவரில் வைத்துவிடுங்கள்.

பழைய கம்ப்யூட்டரை விற்கும்போதும் அந்தக் கவர் தேவைப்படும். ஓஇஎம் என்றால் லைசென்ஸ் கம்ப்யூட்டரோடு போகட்டும், வாங்குகிறவரிடம் அப்படியே சொல்லிவிடுங்கள். ரீடெய்ல் என்றால் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்ட்டில் அதே ஐந்து எழுத்துகளை அடித்து, ஒரு இடம் விட்டு, ஸ்லாஷுக்கு அப்புறம் யு, பி, கே (upk) என்று போட்டுச் சாவியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, உங்கள் கணக்கிலிருந்தும் வெளியேறிய பிறகு கம்ப்யூட்டரைக் கொடுங்கள்.