விளையாட்டில் ஒலி அளவு சேமிக்கப்படவில்லையா?

இசையை 30-க்குக் குறைத்தாலும், விளையாட்டை மூடித் திறந்ததும் மறுபடி 100. அழித்துவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் செய்வது வீண் வேலை. பார்க்க வேண்டியது செட்டிங்ஸ் ஃபைலை. விண்டோஸ் கணினியில் பல விளையாட்டுகள் அதை டாக்குமென்ட்ஸில் ‘மை கேம்ஸ்’ ஃபோல்டருக்குள் வைக்கும். ஒலியை மாற்றி, மெனு வழியாகவே வெளியேறி, அந்த ஃபைல் கடைசியாக மாறிய நேரத்தைப் பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

நேரம் மாறவில்லை என்றால் விளையாட்டால் எழுதவே முடியவில்லை. ப்ராப்பர்ட்டீஸில் ‘ரீட்-ஒன்லி’ டிக்கை எடுங்கள். என் கணினியில் தடுத்தது விண்டோஸ் செக்யூரிட்டியில் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) பாதுகாப்பின் கீழுள்ள ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’; அனுமதி இல்லாத ஆப்கள் டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களில் எழுதுவதைத் தடுக்கும் வசதி. அவசியமான காவல் அது, அணைக்காதீர்கள். அங்கேயே அனுமதி பெற்ற ஆப்கள் பட்டியலில் விளையாட்டின் இஎக்ஸ்இ ஃபைலைச் சேர்த்ததும் 30 நிலைத்தது.

நேரம் மாறியும் பழைய அளவு திரும்பினால், கிளவுடில் (இணையத்தில் சேமித்த இடத்தில்) உள்ள பழைய பிரதி அந்த ஃபைலின் மேலே எழுதுகிறதா என்று பாருங்கள். விளையாட்டை ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடை ஆப்பில் வாங்கியிருந்தால், அதில் அந்த விளையாட்டுக்கு மட்டும் கிளவுடை நிறுத்திச் சோதியுங்கள்.