பிரித்தானியப் படை அதிகாரியின் சிறுபதக்கங்களை வரிசையாக்குவது எப்படி

முழு அளவுப் பதக்கம் 36 மில்லிமீற்றர் விட்டம், அதன் நாடா 32 மில்லிமீற்றர் அகலம். சிறுபதக்கம் அதில் சரிபாதி: 18, 16. இரவு விருந்து உடுப்பில் குத்துவதற்காகப் பெரும்பாலும் அதிகாரிகளே காசு கொடுத்து வாங்கியவை இவை. அதனால் றங்குப் பெட்டியில் கிடைக்கும் சிறுபதக்க வரிசையை மட்டும் நம்பி, படை அதிகாரியாக இருந்த உங்கள் அம்மப்பாவின் சேவையை எழுதிவிடாதீர்கள். தவறான பதக்கம் சேர்ந்திருக்கலாம், ஒன்று விடுபட்டும் இருக்கலாம்.

முதலில் பெரிய பதக்கங்களின் விளிம்பைப் பாருங்கள். முதலாம் உலகப்போரின் பிரித்தானிய வெள்ளிப் போர்ப் பதக்கத்தில் பெயரும் பதவியும் விளிம்பிலேயே பொறித்திருக்கும். இரண்டாம் உலகப்போருக்குப் பிரித்தானியத் தரைப்படை கொடுத்தவை பெயரில்லாமல் வந்தவை. அவற்றுக்கு ஆவணம்தான் சாட்சி. பிரித்தானிய அரசின் வர்த்தமானியான இலண்டன் கசெற்றில் அதிகாரியின் பெயரைத் தேடினால் நியமனமும் விருதும் திகதியோடு கிடைக்கும். விருதுக்கான பரிந்துரைகள் பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 373 என்ற தொகுப்பில் உள்ளன. எதற்காகக் கொடுத்தார்கள் என்பதை அங்கேதான் வாசிக்கலாம்.

வரிசை நெஞ்சின் நடுவிலிருந்து இடது தோள் நோக்கிப் போகும். பார்ப்பவருக்கு இடப்பக்கம் இருப்பதே முதலாவது. ஓ.பி.ஈ. (பிரித்தானியப் பேரரசின் பெயரிலான விருது), எம்.சி. (மிலிட்டரி குறொஸ்), 1939–45 ஸ்டார், பர்மா ஸ்டார், டிபென்ஸ் மெடல், வார் மெடல், ஈ.டி. என ஏழு இருந்தால் இதே ஒழுங்குதான். எம்.சி. வீரத்துக்கானது என்பதால் அதை முன்னே வைக்கத் தோன்றும், ஆனால் ஓ.பி.ஈ.தான் முந்தியது. தொண்டர் படை அதிகாரிகளின் நீண்ட சேவைக்கான ஈ.டி., இடையில் உள்ள நான்கு போர்ப் பதக்கங்களுக்குப் பின்னால் வரும். 1955 முதல் 1959 வரை இலங்கைத் தரைப்படைத் தளபதியாக இருந்த அன்ரன் முத்துக்குமாருவின் பெயருக்குப் பின்னால் ஓ.பி.ஈ., ஈ.டி. என்று அடுத்தடுத்து எழுதுவார்கள். மார்பில் அப்படி அடுத்தடுத்து வராது. போர்ப் பதக்கங்கள் இருந்தால் அவை இடையில் நிற்கும்.

அதிகம் பிழைப்பது நாடாவில். 1939–45 ஸ்டாரின் கருநீலம் நெஞ்சின் நடுப்பக்கம், நடுவில் சிவப்பு, வெளிர்நீலம் தோள்பக்கம். திருப்பித் தைத்தால் கடற்படையின் நிறம் விமானப்படையின் இடத்துக்குப் போய்விடும். ஓ.பி.ஈ. நாடா 1937இல் மாறியது. அதற்கு முந்தியது ஊதா. பிந்தியது ரோசா நிறம், ஓரங்களில் முத்துச் சாம்பல். படையினருக்குரிய பிரிவின் நாடாவில் நடுவிலும் ஒரு சாம்பல் கோடு ஓடும். அந்தக் கோடில்லாத நாடா சிவில் பிரிவுக்குரியது. இணையத்தில் வாங்கும்போது இதைத்தான் முதலில் பாருங்கள்.

ஏழு நாடாவையும் பக்கம் பக்கமாக வைத்தால் 112 மில்லிமீற்றர் வரும். அது நீளம் கூடிப்போகும். ஒன்றின்மேல் ஒன்று ஏறவிடுங்கள்: நடுப்பக்கத்து முதல் பதக்கம் முழுதாகத் தெரிய, மற்ற ஆறும் 10 மில்லிமீற்றர் வீதம் தெரிந்தால் மொத்தம் 76 மில்லிமீற்றர். கீழ் விளிம்புகள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நட்சத்திரமும் வட்டமும் உயரத்தில் வேறுபடும் என்பதால் ஒவ்வொரு நாடாவையும் தனித்தனியாக அளந்து மடியுங்கள். பருத்தி நூலால் தையுங்கள். பசை நாடாவில் ஊறிக் கறையாகும். பின்புறத்துக்குப் பருத்தித் துணி போதும். கம்பளித் துணியில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். பழைய நாடாவைத் தோய்க்காதீர்கள், சிவப்பு கரைந்து வெள்ளையில் இறங்கும். கிழிந்திருந்தாலும் எறியாமல் உறையிலிட்டு வையுங்கள்.

வளையம் கழன்றிருந்தால் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் நகை வேலை செய்பவரிடம் ஒட்டுவிக்கலாம். முலாம் பூச வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எனாமல் உள்ள பதக்கத்தை ஒட்டக் கொடுக்கவே வேண்டாம், சூட்டில் வெடித்துவிடும்.

குத்துவிளக்கு துலக்கும் புளியும் சாம்பலும் பதக்கத்துக்கு ஆகாது. புளி செப்புக் கலப்புலோக நட்சத்திரத்தின் பழைய நிறத்தை உரித்துவிடும், சாம்பல் எழுத்தைத் தேய்த்துவிடும். மெல்லிய பருத்தித் துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். உப்புக்காற்று வீசும் இங்கே மாரிகாலத்தில் செப்புக் கலப்புலோகத்தில் வெளிர்பச்சைத் தூள் பூக்கலாம். துடைத்தும் திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பதக்கத்தை மட்டும் பிரித்தெடுத்து, சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத போத்தலில் வையுங்கள். ஜெல் ஈரம் குடித்ததும் மாற்றுங்கள்.