கேட் தேர்வு எழுதும் கணினி அறிவியல் மாணவர்களுக்கு

ஐஐடி, என்ஐடிகளில் கணினி அறிவியல் எம்.டெக். சேர உதவும் கேட் தேர்வில், 3 மணி நேரத்தில் 100 மதிப்பெண்களுக்கு 65 கேள்விகள் கேட்கப்படுகின்றன. ஒரே ஒரு சரியான விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கேள்விகளில் மட்டுமே தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படும். ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைத் தேர்ந்தெடுக்கக்கூடியவற்றிலும், விடையை எண்ணாகத் தட்டச்சு செய்ய வேண்டியவற்றிலும் அவ்வாறு குறைப்பதில்லை என்பதால், அவற்றில் ஒன்றைக்கூட எழுதாமல் விடாதீர்கள். பொதுத் திறன் பகுதிக்கு 15 மதிப்பெண்கள் உண்டு. அல்காரிதம், இயக்க முறைமை போன்ற பாடங்களில் மூழ்கிவிடும் பலர் (நானும் அப்படித்தான்) இதைக் கடைசி வாரம் வரை திரும்பிப் பார்ப்பதில்லை. மூன்றாம் ஆண்டு பி.இ. மாணவர்களும் இத்தேர்வை எழுதலாம். முடிவு வெளியான நாளிலிருந்து மதிப்பெண் 3 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் என்பதால், முதல் முயற்சியை அப்போதே மேற்கொள்வது நல்லது.