ஆய்வேட்டுக்கு ஆணி அடிப்பது எப்படி?

சுவீடனில் முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்கு முன்னால், அச்சிட்ட ஆய்வேட்டைப் பல்கலைக்கழகப் பலகையில் ஆணி அடித்து மாட்டுவார்கள். இதற்கு 'ஸ்பீக்னிங்' என்று பெயர். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜ ஆணி, நிஜச் சுத்தியல். தேர்வை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்பதால், விரும்பியவர் முன்கூட்டியே ஏட்டைப் படித்துவிட்டு வரலாம் என்பதே இதன் நோக்கம். ஆணி அடிக்க இரண்டு நிமிடம் போதும். நான் திணறியதெல்லாம் அதற்கு முந்தைய வாரங்களில்.

படி 1: நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள். தேர்வுக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பே ஆணி அடிக்க வேண்டும் என்பது பல இடங்களில் விதி. கோடை விடுமுறை இந்தக் கணக்கில் சேராமல் போகலாம். ஆகஸ்ட் கடைசியில் தேர்வு வைக்க நினைப்பவர்கள் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு விமான டிக்கெட் எடுங்கள்.

படி 2: ஏட்டின் வடிவம். அறிவியல், மருத்துவம், பொறியியல் துறைகளில் கட்டுரைகளைத் தொகுத்து, முன்னால் 'கப்பா' என்ற நீண்ட முன்னுரை எழுதுவார்கள். கப்பா என்றால் மேலங்கி. தனித்தனிக் கட்டுரைகளுக்கு மேல் போர்த்துவது. வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளில் இன்றும் பெரும்பாலும் ஒரே முழுநூல்தான். கப்பாவைக் கடைசி மாதத்தில் எழுதிவிடலாம் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள்.

படி 3: தாளின் அளவு. நான் குப்புற விழுந்த இடம் இது. நான்கு ஆண்டுகளும் ஏ4 தாளில் எழுதினேன். அச்சகமோ ஜி5 கேட்டது. அதாவது 169 × 239 மில்லிமீட்டர். சுருக்கினால் எல்லாமே ஏறக்குறைய 80 சதவீதமாகும். ஏட்டின் 12 புள்ளி (பாயிண்ட்) அளவு எழுத்து 10-க்குக் கீழே இறங்கினாலும் படித்துவிடலாம். வரைபட அச்சுகளில் இருந்த 8 புள்ளி எழுத்து ஆறரைக்கும் கீழே போய் எறும்பு வரிசையானது. முப்பத்தொரு படங்களை மறுபடி வரைந்தேன். முதல் நாளே பக்க அளவை ஜி5 என்று வைத்துவிடுங்கள். அச்சகத்தைக் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது, சில இடங்களில் எஸ்5 என்ற வேறு அளவைக் கேட்பார்கள். மென்பொருள் விஷயத்தில் நான் லாடெக் (LaTeX) என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கட்சி. முந்நூறு பக்க வேர்டு கோப்பில் படங்கள் இடம் மாறி ஓடுவதைத் தோழி ஒருத்தி அழுதபடி துரத்தியதைப் பார்த்திருக்கிறேன்.

படி 4: இணையத்தில் ஏற்றுதல். உப்சாலா உள்ளிட்ட பல பல்கலைக்கழகங்கள் 'டிவா' என்ற களஞ்சியத்தைப் பயன்படுத்துகின்றன. இதழ்களில் வெளியான கட்டுரைகளுக்குப் பதிப்பக அனுமதி இல்லையென்றால் கப்பாவை மட்டும் ஏற்றுங்கள்.

படி 5: ஆணி. புத்தகத்தை ஊடுருவி ஆணி அடிக்க முடியாது. மூலையில் துளையிட்டுத் தரும்படி அச்சகத்திடம் சொல்லிவிடுங்கள். துளையில் கயிறு கோத்து, அதை ஆணியில் மாட்டினால் முடிந்தது.

பின்சேர்க்கை: "முனைவர் பட்டத்துக்கு முந்தைய இரண்டாண்டு லிசென்சியேட் பட்டத்துக்கும் ஆணி உண்டா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அது இடத்துக்கு இடம் மாறும், துறையில் கேளுங்கள். இன்னொருவர் சுத்தியல் கிடைக்காமல் காலணிக் குதிகாலால் அடித்தாராம். எங்கள் துறையில் சுத்தியல் செயலாளரின் அலமாரியில் இருக்கும். வெள்ளிக்கிழமை என்றால் காலையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மதியத்துக்கு மேல் அவர் இருக்க மாட்டார்.