நூறாண்டுக்கு முந்தைய இங்கிலாந்து கால்பந்து வீரரின் ஆட்டக் கணக்கைத் தொகுப்பது எப்படி?

1900-களில் ஆடி, பிறகு பயிற்சியாளராகப் போனவர்களின் கணக்கு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தப்பாகிறது. வெவ்வேறு போட்டிகளில் ஆடியதை ஒரே கூட்டலில் போட்டுவிடுகிறார்கள். அதனால் முதலில் ஐந்து கட்டம் போடுங்கள்: சீசன், கிளப், போட்டி, ஆட்டங்கள், கோல்கள். ஒரு வரிக்கு ஒரு போட்டி மட்டும். அன்றைய சீசன் செப்டம்பரில் தொடங்கி ஏப்ரல் கடைசியில் முடியும். வெறுமனே 1908 என்று குறித்தால் அது எந்த சீசன் என்று பிறகு தெரியாது. 1907-08 என்றே எழுதுங்கள்.

இங்கிலாந்துக்கு ஆடி, பிறகு பயிற்சியாளரான ஃபிரெட் பென்ட்லண்டை எடுத்துக்கொள்வோம். 1883-இல் வுல்வர்ஹாம்ப்டனில் பிறந்தவர். பிளாக்பர்ன் ரோவர்ஸுக்கும் மிடில்ஸ்பரோவுக்கும் ஆடியவை ஃபுட்பால் லீக், அதாவது இங்கிலாந்தின் முதன்மை லீக் கணக்கு. பிரென்ட்ஃபோர்டுக்கும் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்கும் ஆடியவை அதில் சேராது. இரண்டும் அப்போது சதர்ன் லீக் என்ற தனி லீக்கில் இருந்தன. சில்லறைப் போட்டி என்று அந்த வரிகளைத் தள்ளிவிடாதீர்கள். 1901-இல் இங்கிலாந்தின் பெரிய கோப்பையான எஃப்.ஏ. கோப்பையை வென்ற டாட்டன்ஹாம் ஒரு சதர்ன் லீக் கிளப்தான். கோப்பை ஆட்டங்களுக்குத் தனி வரி, சர்வதேச ஆட்டங்களுக்குத் தனி வரி (பென்ட்லண்டுக்கு ஐந்து, எல்லாம் 1909). 1915-க்குப் பின் நடந்த முதல் உலகப் போர்க்கால ஆட்டங்கள் எந்தக் கூட்டலிலும் வராது; 1919-20-இல்தான் லீக் மறுபடி தொடங்கியது.

கிளப் பெயரையும் கவனியுங்கள். பென்ட்லண்ட் இளம் வயதில் சேர்ந்த ஸ்மால் ஹீத் கிளப்தான் 1905-இல் பர்மிங்காம் என்று பெயர் மாறியது. இரண்டு கிளப் என்று எண்ணி இரண்டு முறை எழுதியவர்கள் உண்டு.

அடுத்தது பழைய செய்தித்தாள். லீக்கில் சட்டை எண் வந்தது 1939-இல், மாற்று ஆட்டக்காரர் வந்தது 1965-இல். ஆக, பதினொரு பெயர்களின் வரிசைதான் நமக்குச் சாட்சி. கோல்கீப்பர் ஒருவர், பின்வரிசை இருவர், நடுவரிசை மூவர், முன்வரிசை ஐவர். ஒவ்வொரு வரிசையும் வலமிருந்து இடமாகச் செல்லும். ஏழாவது பெயர் வலது ஓர முன்வரிசைக்காரர், அதுவே பென்ட்லண்டின் இடம். ஆட்டத்துக்கு முன்பு அச்சான பட்டியலை நம்பவே கூடாது. அது எதிர்பார்த்த அணி. அன்று காயம்பட்டவர் பெயரும் அதில் இருக்கும். ஆட்டம் முடிந்து வந்த செய்தியைத்தான் எடுக்க வேண்டும். கோல்முன் நெரிசலில் விழுந்த கோல்களை இரு ஊர்த் தாள்களும் ஆளுக்கொருவர் பெயரில் எழுதும். இரண்டையும் பார்த்துவிட்டுக் குறியுங்கள்.

பயிற்சியாளர் பகுதிக்கு வந்தால் பெரிய பள்ளம் ‘டிரெய்னர்’ என்ற சொல். அன்றைய இங்கிலாந்தில் டிரெய்னர் என்பவர் கால் நீவி, உடற்பயிற்சி கொடுத்து, காயம் பார்ப்பவர். அணியைத் தேர்ந்தெடுத்தது இயக்குநர்களும் செயலாளரும். ஜெர்மனியிலோ அதே சொல் ஆட்டத்தைக் கற்றுத்தருபவரைக் குறித்தது. எந்த நாட்டுத் தாளில் கண்டீர்கள் என்பதை அந்த வரியிலேயே எழுதிவையுங்கள்.

பென்ட்லண்ட் 1914-இல் ஜெர்மனிக்குப் போனார்; போர் மூண்டதும் பெர்லின் அருகே ரூலேபன் முகாமில் அடைக்கப்பட்டார். 1920 ஒலிம்பிக்கில் பிரான்ஸ் அணிக்குப் பயிற்சியாளர். பிறகு ஸ்பெயின். அங்கே தேசிய லீக் 1929-இல்தான் பிறந்தது. எனவே 1923-இல் பில்பாவோ அத்லெடிக் அவர் கீழ் வென்றது ஸ்பெயின் கோப்பை, லீக் பட்டம் அல்ல. 1929-30, 1930-31 லீக் பட்டங்கள் அவர் திரும்பி வந்த பிறகு கிடைத்தவை. இரண்டு காலத்தையும் ஒரே வரியில் எழுதினால் இடையில் ஒவியேதோவிலும் மாட்ரிட்டிலும் இருந்தது மறைந்துபோகும். அந்த மாட்ரிட் கிளப்பின் பெயரும் அப்போது அத்லெடிக்தான். ஊர்ப் பெயர் இல்லாமல் ‘அத்லெடிக்’ என்று மட்டும் வரும் செய்தியை, எதிரணியும் மைதானமும் தெரியும்வரை கட்டத்தில் ஏற்றாதீர்கள்.